நூற்று அறுபத்தெட்டு

புதுவயலில் அரிசி ஆலைகள் ஓடும் நாளெல்லாம்
எங்கள் தண்டவாளத்தில் தவிடு படியும்.
மாடி ஹாலின் ஏழு சன்னலையும் அடைத்தாலும்
எப்படியோ வந்து உட்காரும்.
ஸ்பிரிட் தொட்ட துணியால் காலையில் ஒருமுறை,
காபிக்குப் பின் ஒருமுறை
துடைப்பது நான்.
ஓட்டுவது சோலையப்பன்.

பதினோரு சரக்குப் பெட்டி.
எடைக்கு நொய் நிரப்பியிருந்தார், நிஜ நொய்.
எறும்புகள் டிக்கெட் இல்லாமல் ஏறின.
பாலத்துக்குப் போகும் ஒட்டுப்பலகை ஏற்றத்தில்
அவர் எஞ்சின், மூன்றாம் எண்,
சக்கரம் சுற்றச் சுற்ற
நின்ற இடத்திலேயே நின்றது.

"உன்னோடதையும் பூட்டு."

என்னுடையது பன்னிரண்டு.
ஐம்பதாம் பிறந்தநாளுக்கு
நானே எனக்கு வாங்கிக்கொண்டது.
முதுகோடு முதுகாகப் பூட்டினோம்.
சிவி பத்தொன்பதில் இரண்டுக்கும் ஒரே எண், ஐம்பது.
திரும்பி நிற்பதற்கு மட்டும்
நூற்றிருபத்தெட்டைக் கூட்டி எழுத வேண்டும்.
அதன்பின் அதற்குப் பின்னால் என்பதே முன்னால்.
மூன்று என்றாலும் பன்னிரண்டு என்றாலும் அசையாது.
ஐம்பது என்றால் இரண்டும் கிளம்பும்.
பின்னதன் விளக்கை அணைத்துவிடச் சொன்னது கையேடு.
அணைத்தேன்.

இரண்டாம் வளைவில் முன் எஞ்சின் தடம் புரண்டது.
கூடவே இரண்டு பெட்டிகள் கவிழ்ந்து
எறும்புகளுக்கு விருந்து.

"உன் வண்டி இழுக்கமாட்டேங்குது தேனம்மை. சோம்பேறி."

பதில் சொல்லவில்லை. கழற்றினேன்.
சமதளத்தில் பத்தடி அளந்து
இரண்டு முனையிலும் தீக்குச்சி வைத்தேன்.
வேகப்படி பத்து. கைபேசியில் நேரம்.
மூன்றாம் எண், நாற்பத்தொரு விநாடி.
பன்னிரண்டு, பின்னோக்கி ஓடியே, இருபத்தெட்டு.
மறுபடி அளந்தேன்,
வங்கியில் இருபத்தாறு வருஷம்
கட்டுகளை இரண்டு தரம் எண்ணிய பழக்கம்.
இருபத்தெட்டேதான்.

இழுக்காமல் இல்லை.
தள்ளியிருக்கிறது.

காகிதத்தை நீட்டினேன்.
கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றிவிட்டும் படித்தார்.
"அப்ப என்னோடதைக் கூட்டு."
கூட்ட முடியாது. இருநூற்றைம்பத்தைந்து,
அது ஏற்கெனவே உச்சத்தில்தான் நிற்கிறது.
மெதுவானதை ஏற்ற வழியில்லை இந்த ஏற்பாட்டில்.
வேகமானதைத்தான் இறக்க வேண்டும்.

சிவி ஐந்து. இருநூறு. நூற்றெண்பது.
நூற்று அறுபத்தெட்டில்
நாற்பத்தொன்று வந்தது.

எனக்கு இது புதிதில்லை.
கோயம்புத்தூர் மண்டல அலுவலகத்துக் கடிதம் ஒன்றை
நாலாக மடித்து
பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்த வருஷம்
எனக்கு முப்பத்தெட்டு.

ஐம்பது கிளம்பியது.
நொய்யும் எறும்புமாகப் பதினோரு பெட்டியும் ஏறின,
ஒரு குலுக்கல் இல்லை.
எஞ்சினில் ஒலி இருந்தும்
சோலையப்பன் வாயால் விசிலடித்தார்.
அழகாகத்தான் இருந்தது.
அதை மறைப்பானேன்.

கீழே யாரோ கூப்பிட்டார்கள்.
கோயில் புள்ளி வரி.
எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு புள்ளி,
ரசீதில் அவர் பெயர்.
பணம் எடுத்துக்கொண்டு இறங்கினார்.
வந்தவர் காபி குடிக்காமல் போகமாட்டார், தெரியும்.

பன்னிரண்டைத் தூக்கி
வெறும் பாதையில் வைத்தேன், முகம் முன்னால் இருக்க.
சிவி பத்தொன்பது, பூஜ்யம்.
சிவி ஐந்து, இருநூற்றைம்பத்தைந்து.
பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
விளக்கு எரிந்தது.

பெட்டி இல்லை. துணை இல்லை.
வளைவுக்கு வளைவு சுவரில் வெளிச்சம் ஓடியது,
சாத்திய சன்னல்களின் மேல்,
சோலையப்பன் கழற்றி வைத்த கண்ணாடியின் மேல்.
போனது, வந்தது, போனது.

ஆலையில் மதியச் சங்கு.
கரண்ட் ஒருமுறை தணிந்து எழுந்தது, வண்டியும்.
படியில் அவர் இருமல்.

சிவி ஐந்தைத் திறந்து
ஒன்றை அழுத்தினேன்.
ஆறு.

வண்டி இப்போது பாலத்தின் மேல்.
இறங்கட்டும்.